தோண்டிப் பார்க்கும் காலம்



பினாங்கில் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை வரப்போகிறது என்ற பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கெர்னி டிரைவில் காரை இறக்கினால் பட்டர்வொர்த் பக்கம் பாகான் ஆஜாமில் ஏறலாம், நடுவே சுமார் 7 கிலோமீட்டர் என்றார்கள். 2013-இல் மாநில அரசு அந்த வேலையை ஒரு கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. சுரங்கப்பாதையோடு தீவில் மூன்று பெரிய சாலைகளும் சேர்த்து மொத்தம் 630 கோடி வெள்ளிக்கு மேல். அரசின் பங்கைப் பெரும்பாலும் ரொக்கமாகத் தராமல், கடலை மீட்டு உருவாக்கிய நிலமாகத் தருவதாக ஏற்பாடு.

மூன்று சாலைகளில் ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சாலை கட்டுமானத்துக்கு வந்தது. சுரங்கப்பாதை காகிதத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காகிதத்துக்கும் ஒரு விலை இருந்தது. நான்கு வேலைகளின் சாத்தியக்கூறு ஆய்வுக்கும் சாலைகளின் விரிவான வடிவமைப்புக்கும் சேர்த்து 30 கோடியே 50 லட்சம் வெள்ளி. 2017, 2018-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட எண் அது. ஆய்வு 2016-லேயே முடிந்திருக்க வேண்டும், ஏன் முடியவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்டது. முடிந்த வேலைக்கு மட்டுமே பணம் கொடுத்திருக்கிறோம் என்று மாநில அரசு சொன்னது. கட்டணம் அதிகமா, நியாயமா என்று இன்னொரு சண்டை. 2020-இல் திட்டம் தொடர்பான லஞ்சக் குற்றச்சாட்டு நீதிமன்றப் படியும் ஏறியது. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஒப்பந்தக் காகிதம் படித்துப் பிழைக்கிறவன். என் கண் போனதெல்லாம் வேறு இடத்துக்கு: ஒரு திட்டத்தில் ஆய்வுக்காலம் என்பது எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது, முடிந்ததை யார் சொல்வது?

ஆய்வுக்காலத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் கடலடி, மேலே பெரும்பாலும் மெத்தென்ற களிமண். அதில் எத்தனை மீட்டர் இறங்கினால் கெட்டியான மண் வரும், எங்கே பாறை வரும் என்பது துளையிட்டால்தான் தெரியும். மிதவை மேடையில் இயந்திரத்தை நிறுத்தி, குழாயை இறக்குவார்கள். குறிப்பிட்ட ஆழத்தில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று ஒருவர் எண்ணி எழுதுவார். 50 அடி என்றால் கெட்டி மண். 2 அடி என்றால் சேறு. சில இடங்களில் சுத்தியல் விழுவதற்கு முன்பே குழாய் தன் பாரத்திலேயே இறங்கிவிடும். அப்போது பூஜ்யம் என்று எழுதுவார்கள். ஒரு பாலத்தின் தூண் எவ்வளவு நீளம், ஒரு சுரங்கத்தின் செலவு எத்தனை கோடி என்பதெல்லாம் அந்த நோட்டில் எழுதிய சின்ன எண்களிலிருந்துதான் பிறக்கின்றன. வெயிலில் படகில் நின்று எண்ணுகிறவர் ஒரு நாள் சோம்பினால், கரையில் ஏசி அறையில் இருக்கிறவர் பிறகு எத்தனை கணக்குப் போட்டாலும் சரிவராது.

இந்த வேலைக்கு நாள் பிடிக்கும். ஜப்பானில் ஹொன்ஷூ, ஹொக்கைடோ தீவுகளை இணைக்கும் செய்கான் கடலடிச் சுரங்கத்துக்கு 1946-இல் கடலடி ஆய்வு ஆரம்பித்தது. ரயில் ஓடியது 1988 மார்ச்சில். அவ்வளவு காலம் நாமும் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பினாங்கு இரண்டாம் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அடிக்கல் 2006 நவம்பரில், திறப்பு 2014 மார்ச் 1-ஆம் தேதி. அடிக்கல்லுக்கு ஒரு நாள் குறித்தால் போதும். மண்ணுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளத் தேதி குறித்துப் பயனில்லை. அதற்கு ஒரு காலம் ஒதுக்க வேண்டும்.

ஒதுக்குவது என்றால் எப்படி? "இந்த ஆய்வு ஆறு மாதத்தில் முடிக்கப்படும்" என்று ஒரே வரியில் எழுதிய ஒப்பந்தங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகான வரிதான். ஆனால் ஆறு மாதம் எப்போதிலிருந்து? கையெழுத்திட்ட நாளிலிருந்தா, முன்பணம் வந்த நாளிலிருந்தா, இடத்துக்குள் போக அனுமதி கிடைத்த நாளிலிருந்தா? கடலில் துளையிட வேண்டுமென்றால் கடல்துறை இலாகா, துறைமுக ஆணையம் என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும். அந்த அனுமதியை யார் வாங்குவது? வேலை கொடுத்தவரா, வேலை செய்பவரா? இது எழுதப்படாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருவர் "நேரம் முடிந்துவிட்டது" என்பார், மற்றவர் "எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்பார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்வார்கள்.

நம் மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 47-ஆம் பிரிவு, காலம் குறிப்பிடாத இடத்தில் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நியாயமான காலம் எவ்வளவு என்று தீர்மானிக்க நீதிபதி வேண்டும், நீதிபதியிடம் போக வழக்கறிஞர் வேண்டும். அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு இன்னும் கடுமை: பொருள் இன்னதென்று நிச்சயமாக இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. ஆய்வு எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே எழுதாமல் "ஆய்வு செய்யப்படும்" என்று மட்டும் எழுதினால் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம்.

முடியும் நாள் இன்னும் வம்பு. அறிக்கை மேசைக்கு வந்த நாள் முடிவா? மேசையில் இருப்பவர் படித்து ஏற்றுக்கொண்ட நாளா? சுற்றுச்சூழல் துறை ஒப்புதல் தந்த நாளா? பினாங்கின் தென்கரையில் கடலை மீட்கும் திட்டத்தைப் பாருங்கள். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு 2019-இல் ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. பிறகு புதிய மதிப்பீடு செய்து, 2023-இல் மறுபடி ஒப்புதல். ஒப்பந்தத்தில் "ஒப்புதல் கிடைத்ததும் ஆய்வுக்காலம் முடியும்" என்று எழுதியிருந்தால், இதில் எந்த ஒப்புதல்? அந்தக் கடலையே நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு மனுப் போட உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்கு ஆகும் நாளையும் ஆய்வுக்காலத்தில் சேர்த்து எழுதாதது வேலை கொடுத்தவரின் பிழை, மீனவர்களின் பிழையில்லை.

பெரும்பாலும் விட்டுப்போகும் இன்னொரு வரி உண்டு. காலம் முடிந்த நாளில் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மௌனம் என்றால் தொடரலாமா, அங்கேயே முடிந்ததா? முடிந்தது என்று எழுதுவதுதான் வேலை கொடுப்பவருக்குப் பாதுகாப்பு. தொடர வேண்டுமென்றால் அவரே எழுத்தில் சொல்லட்டும். நீட்டிப்பு கேட்டால் ஒரு முறை, காரணத்தோடு, எத்தனை நாள் என்ற எண்ணோடு. இல்லாவிட்டால் ஆய்வு மழைக்காலத்துத் துணி மாதிரி காயாமலே கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, சுரங்கப்பாதைக்கு வருவோம். விலை பற்றிய சண்டையை விட எனக்கு உறுத்தியது அதன் அமைப்பு. கட்டப்போகிற அதே கூட்டு நிறுவனத்திடமே கட்டலாமா என்ற ஆய்வும் போயிற்று. 630 கோடி வேலை ஒரு பக்கம் காத்திருக்கும்போது, "இதைக் கட்ட வேண்டாம்" என்று எழுத யாருக்குத்தான் கை வரும்? அந்த நிறுவனம் நேர்மையானதா இல்லையா என்பது என் கேள்வியே இல்லை. எவ்வளவு நேர்மையானவரையும் இப்படிப்பட்ட இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. ஆய்வுக்குத் தனி ஒப்பந்தம், தனிச் சம்பளம். "முடியாது" என்று வரும் அறிக்கைக்கும் "முடியும்" என்று வரும் அறிக்கைக்கும் ஒரே தொகை. ஆய்வு முடிந்ததும் வேலை கொடுத்தவர், காரணம் எதுவும் சொல்லாமல், அபராதம் இல்லாமல், விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. இந்த மூன்றும் இல்லாத ஆய்வுக்காலத்தை நான் ஆய்வுக்காலம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டுமானத்தின் முதல் பில் என்றுதான் சொல்வேன்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் நினைவுக்கு வரும். 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் தொடக்க விழா, மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் தடை. அதன் பிறகுதான், 2008-இல், மாற்று வழி உண்டா என்று பார்க்கப் பச்சௌரி குழு அமைந்தது. தூர்வாரும் கப்பல் கடலில் இறங்கிய பிறகு அமைந்த குழு, கடைசியில் அந்த மாற்று வழியும் உகந்ததல்ல என்று சொல்லிவிட்டது.

கோடிகளில் பேசினால் நமக்கென்ன என்று தோன்றும். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்த பிறகு, அந்த வட்டாரத்தில் வீட்டைப் பழுது பார்க்கச் சட்டதிட்டம் உண்டு, மாநகர் மன்றத்தின் அனுமதி உண்டு. அதைவிடப் பெரிய சங்கதி சுவருக்குள் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் யாரோ எழுபதுகளில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை மெல்ல மெல்ல அழித்திருக்கும். வெளியே தெரியும் கட்டை தேக்கு மாதிரி பளபளக்கும். சுவருக்குள் இருக்கும் அரை முழம் விரலால் குத்தினால் உதிரும். பக்கத்து வீட்டின் உத்தரமும் அதே பொதுச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

குத்தகையாளர் இதையெல்லாம் பார்க்காமல் ஒரே தொகை சொல்வார். வீட்டுக்காரருக்கும் ஒரே தொகைதான் பிடிக்கும். பூச்சைப் பெயர்த்ததும், கூடுதல் வேலை, கூடுதல் பணம் என்று தினம் ஒரு துண்டுச் சீட்டு. பாதி கூரை இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு யாரால் பேரம் பேச முடியும்? முன்னதாகவே மூன்று வாரம், இன்னின்ன இடத்தில் பூச்சைப் பெயர்த்துப் பார்க்க, ஒவ்வொரு உத்தரத்தின் நுனியையும் படம் எடுக்க, இவ்வளவு பணம், அறிக்கை என் சொத்து, வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்தச் சீட்டுகள் பாதியாவது குறையும். அறிக்கை என் சொத்து என்பது முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்த குத்தகையாளர் மறுபடி சுவரை உடைப்பார், நீங்கள் மறுபடி பணம் கொடுப்பீர்கள்.

கோயில் திருப்பணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வழக்கம் என்ன? முதலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்ப்போம். பத்திரிகை அடிப்போம். அப்புறம்தான் ராஜகோபுரத்து அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியியலாளரைத் தேடுவோம். அவர் மண் பரிசோதனை வேண்டும் என்றால், "இருக்கிற நாளில் எப்படியாவது முடித்துக் கொடுங்கள்" என்போம். பாலாலயத்துக்கு முன்னாலேயே அந்தப் பரிசோதனைக்கு ஒரு மாதம் ஒதுக்கிவிட்டு, முடிவு வந்ததும் ஜோசியரிடம் போனால் அவரும் நல்ல நாள்தான் சொல்லப்போகிறார்.

கடைசியாக, ஆய்வு செய்கிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இளம் பொறியியலாளர்கள், நில அளவையாளர்கள் நிறையப் பேர் "ஆய்வுதானே செய்தாய், கட்டடமா கட்டினாய்" என்ற பேச்சைக் கேட்டு, வர வேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. சிப்பா என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில் கட்டணச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டுமான ஆலோசனை ஒப்பந்தம் என்று அது சொல்வதில் திட்டமிடலும் சாத்தியக்கூறு ஆய்வும் சேர்த்தி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. பணம் வராவிட்டால் முதலில் கட்டணக் கோரிக்கை அனுப்பலாம், பிறகு கோலாலம்பூரில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தின் வழியாகத் தீர்ப்பாளரிடம் போகலாம். நீதிமன்ற வழக்கைவிட சீக்கிரம் முடியும். ஒரு விலக்கு உண்டு: நான்கு மாடிக்குக் குறைவாக, தான் குடியிருப்பதற்கென்றே ஒரு தனிமனிதர் கட்டும் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படிப்பட்ட வீட்டுக்காரருக்கு ஆய்வு செய்து கொடுப்பவர்கள், முன்பணத்தை வாங்கிக்கொண்டு சுவரைத் தட்டுங்கள்.