விளக்கு பிடித்தவர் கண்டது

ஸ்லோவேனியா நாட்டின் தென்மேற்கே போஸ்டோய்னா என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய மலைக்குள், பிவ்கா ஆறு பல லட்சம் ஆண்டுகளாகக் குடைந்து வைத்த சுண்ணாம்புக்கல் குகை ஒன்று இருக்கிறது. மொத்த நீளம் சுமார் 24 கிலோமீட்டர். வருகிறவர்களுக்குக் காட்டுவது 5 கிலோமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதியைக் குட்டி ரயில் கடத்திவிடும். மீதியை வழிகாட்டியின் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சுற்று முடிந்துவிடுகிறது.

குகை என்றாலே பேச்சு பாறைகளைப் பற்றித்தான் போகும். இன்று முன்னால் நடக்கிற அந்த வழிகாட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம். போஸ்டோய்னாவில் முக்கியமான பலவற்றை முதலில் பார்த்தவர்கள் விளக்கேற்றியவர்களும் வழிகாட்டிகளுமே.

1818-இல் ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் குகையைப் பார்க்க வருவதாக இருந்தது. அப்போது எல்லோருக்கும் தெரிந்தது முன்பகுதி மட்டுமே. உள்ளே விளக்கு வைக்கும் வேலையில் இருந்த உள்ளூர்க்காரர் லூகா செச், ஒரு பாறைச் சுவரில் ஏறி அந்தப் பக்கம் மறைந்துவிட்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், அங்கே ஒரு புதிய உலகமே இருக்கிறது என்று கூவியதாக ஊரில் சொல்வார்கள். கூவினாரோ இல்லையோ, அவர் கண்டது உண்மை. இன்று பயணிகள் வியந்து நிற்கும் பெரிய மண்டபங்களெல்லாம் அந்தச் சுவருக்கு அப்பால்தான் இருக்கின்றன. அடுத்த ஆண்டே, 1819-இல், குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. செச்சும் வழிகாட்டியாக வேலை பார்த்தார்.

அவர் கண் அதோடு ஓயவில்லை. 1831-இல் அதே குகைக்குள் ஒரு சின்ன வண்டைப் பார்த்தார். செம்பழுப்பு நிறம், ஒடிசலான கழுத்து, உருண்டு புடைத்த வயிறு, நூல்போல் நீண்ட கால்கள். கண் கிடையாது. பறக்கச் சிறகும் கிடையாது. ஈரச் சுவரில் விரல்நகத்தை விடச் சிறிய ஒரு பூச்சி ஊர்ந்து போனால் எத்தனை பேர் குனிந்து பார்ப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள் நேயர்களே! செச் பார்த்தார், பிடித்தார், கோமகன் ஹோஹன்வார்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரிடமிருந்து அது பூச்சியியல் அறிஞர் பெர்டினாண்ட் ஷ்மிட்டின் கைக்குப் போனது. 1832-இல் ஷ்மிட் அதை விவரித்து, லெப்டோடிரஸ் ஹோஹன்வார்ட்டி எனப் பெயரிட்டார். குகையிலேயே வாழும் வண்டு என்று அறிவியல் அறிந்துகொண்ட முதல் வண்டு அது. குகை உயிரியல் என்ற துறையே அங்கிருந்து தொடங்குகிறது என்பார்கள். பெயரில் கோமகன் இருக்கிறார். இருட்டில் குனிந்து எடுத்தவர் இல்லை. அந்தக் குறையைக் குகைக்குப் போகிறவர்களாவது செச்சை நினைத்துத் தீர்க்கலாம்.

1872-இல் உள்ளே தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. பயணிகள் பெட்டியில் உட்கார, வழிகாட்டிகள் கையால் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். 1884-இல் மின்விளக்கு வந்தது. எஞ்சின் வந்து தள்ளும் வேலை ஒழிந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

கல்லைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே வருகிறது. குகையின் கூரையைத் தொட்டதும் வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. ஒரு மில்லிமீட்டர் வளர ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். கையின் எண்ணெய்ப்பசை பட்டால் அந்த இடத்தில் புதிய படிவு சரியாக ஒட்டாது. அதனால்தான் தொடாதீர்கள் என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இனி, இந்தக் குகையின் ஆகப் பெரிய அதிசயம். ஓல்ம் என்ற நீர்வாழ் உயிரினம், தவளையின் தூரத்து உறவு. வெளிறிய இளஞ்சிவப்பு உடல், முப்பது சென்டிமீட்டர் வரை நீளம், தோலுக்கடியில் மறைந்துபோன கண்கள், தலையின் இருபுறமும் செந்நிறச் செவுள்கள். ஆண்டுக்கணக்கில் உணவில்லாமல் தாக்குப்பிடிக்கும். ஆயுள் நூறாண்டு வரை போகலாம் என்கிறார்கள். கனமழையில் நிலத்தடி நீரோடு இவை வெளியே வந்து விழுந்தபோது, டிராகன் குட்டிகள் என்று அக்கால மக்கள் நம்பினார்கள். 1689-இல் வெளியான தம் நூலில் வால்வசோர் என்ற அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஓல்ம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் முட்டையிடும், அதுவும் மனிதக் கண்ணுக்குத் தென்படாத இடத்தில். 2016 ஜனவரி 30 அன்று, குகைக்குள் வைத்திருக்கும் காட்சித் தொட்டியின் சுவரில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருப்பதை ஒருவர் கவனித்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? பயணிகளைக் கூட்டிச்சென்ற ஒரு வழிகாட்டி! ஒட்டியிருந்தது ஒரு முட்டை. அடுத்தடுத்த வாரங்களில் எண்ணிக்கை 64 ஆனது. அதற்கு முன் 2013-இல் இட்ட முட்டைகள் ஒன்றும் பொரியவில்லை என்பதால் இம்முறை பெருங்கவனம் எடுத்தார்கள். தொட்டியை இருட்டாக்கினார்கள், நீரில் ஆக்சிஜனைக் கூட்டினார்கள், அகச்சிவப்புக் கேமரா வழியே மட்டும் பார்த்தார்கள். நான்கு மாதம் கழித்து முதல் குஞ்சு வெளியே துள்ளியது. மொத்தம் 21 குஞ்சுகள் பிழைத்தன.

நாள்தோறும் ஒரே இடத்தைக் கடந்து போகிறவருக்குத்தான் நேற்று இல்லாத ஒரு புள்ளி இன்று தெரியும். அறிஞர்கள் வந்து அளந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வழிகாட்டி மறுநாளும் அதே பாதையில் வருகிறார்.

நேரம் நெருங்குகிறது. பத்தாயிரம் பேர் கொள்ளும் கச்சேரி மண்டபம், ஐந்து மீட்டர் உயர வெண்ணிறக் கல்முளை, 1944-இல் ஜெர்மானியப் படையின் எரிபொருள் கிடங்கு எரிந்து கறுத்துப்போன முகப்பு... எதற்குமே இன்று நேரம் போதவில்லை. போக வாய்ப்பு அமைகிறவர்களுக்கு ஒன்று: எந்தப் பருவத்திலும் உள்ளே 10 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். ஈரத்தில் வழுக்காத செருப்போ ஷூவோ வேண்டும். ஃபிளாஷ் கூடாது. கூட்டத்தின் கடைசியில் தங்கிவிடாமல் வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடந்து, இந்த வாரம் புதிதாக என்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்பீர்கள் என நம்புவோம்.