சுழன்றால்தான் சுழல் நிதி
(ஆண்டு விழாவில் கூட்டமைப்புத் தலைவி பேசியது)



1989ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு முதன்முதலில் சுழல் நிதி 15,000 ரூபாய் வந்தபோது தீபாவளி நேரம். "கவர்மெண்ட் சும்மா கொடுத்த காசுதானே"ன்னு 12 பேரும் ஆளுக்கு 1,250 எடுத்துக்கிட்டோம். நானும்தான். தை மாசம் ஒரு உறுப்பினரின் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் குழுவில் கடன் கேட்டாள். கொடுக்கப் பணமில்லை. காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். அந்த வெறும் காதை நினைத்தால் இன்னைக்கும் எனக்கு வெட்கமா இருக்கு.

மானியத்தை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாம், சரி. ஆனால் கடனாக வாங்கியவர் குழுவுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. முதியோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நம் பெண்கள் கூலி கேட்பதில்லை. ஆனால் ஆட்டோ சும்மா வருமா? கடன் வட்டியில் வரும் வருமானத்திலிருந்து அந்தச் செலவைக் கொடுங்கள். கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சேவை செய்பவள் கைக்காசை இழக்கக்கூடாது. கணக்கு கேட்பவள் முன் தலைகுனியவும் கூடாது.