பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: ஒரு கிளார்க்கின் அனுபவம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. உத்தமபாளையத்தில் பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். லேப்டாப் பற்றி இவர் என்ன பேசப் போகிறார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதோடு உங்களிடம் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. நம் ஜெயமங்கலத்திலும் எத்தனையோ பிள்ளைகள் வாங்கினார்கள். இன்று அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், கல்யாணமாகிப் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் பரண்மேல் இருக்கிறது. நான் கேட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஆன் செய்தால் பத்து நிமிடம் சுற்றுகிறது, ஒன்றும் ஓடவில்லை என்று மூடி வைத்துவிட்டார்கள். சிலர் பழைய இரும்புக்காரரிடம் போட்டும் விட்டார்கள். அதே தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை, அம்மாவின் செல்போன் சின்னத் திரையில் புராஜெக்ட் டைப் செய்துகொண்டிருக்கிறது.

லேப்டாப் கெட்டுப்போகவில்லை. அதில் உள்ள விண்டோஸ்தான் அதற்குக் கனமாகிவிட்டது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசித் தேதி. விண்டோஸ் 11 இந்தப் பழைய இயந்திரங்களில் ஏறாது.

இதற்கு மாற்றுதான் லினக்ஸ். 1991ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. காசு கிடையாது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இது நமக்கு அந்நியமும் இல்லை. அரசு லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்று சேர்ந்தே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. குமுளி தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். என் வங்கிக் கிளைக்கு முதன்முதலில் கணினி வந்தபோது கறுப்புத் திரையில் ஓடியது யூனிக்ஸ். அந்த யூனிக்ஸை மாதிரியாக வைத்து எழுதப்பட்டதுதான் லினக்ஸ்.

இப்போது போடும் முறை. நான் பயன்படுத்துவது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும். 4 ஜிபியாக்கினால்தான் பிரவுசரில் நாலு பக்கம் திறந்து நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

முதலில், நன்றாக இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் மின்ட்டை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்ற வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. எட்ச்சர், ரூஃபஸ் போன்ற மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், அதனால் காலி பென்டிரைவாக எடுங்கள்.

இரண்டாவது, பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போதே பூட் மெனு பட்டனைத் தட்ட வேண்டும். பல கம்பெனிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், பயாஸுக்குள் போய் அதை இயக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். வைஃபை, சத்தம், கீபோர்டு, கேமரா எல்லாம் சரியா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியில் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையும் தெரியும். அதுவே சாகக் கிடந்தால் லினக்ஸ் போட்டும் பயனில்லை.

நான்காவது, பேக்கப். இங்கேதான் நான் விழுந்தேன்.

என் மகளின் அரசு லேப்டாப்பில்தான் நம் சங்கத்தின் கணக்கை வைத்திருந்தேன். மூன்று வருட சந்தா, தெருவிளக்குச் செலவு, வாய்க்கால் சுத்தம் செய்த கூலி எல்லாம் எக்செல் ஃபைலில். லினக்ஸ் போடும் முன் ‘மை டாக்குமென்ட்ஸ்’ முழுவதையும் காப்பி எடுத்தேன். திரையில் ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். டிஸ்க் என்றால் சி டிரைவ் மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சங்கக் கணக்கு டி டிரைவில் இருந்தது. சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். பதினைந்து நிமிடத்தில் இரண்டும் போயின. முப்பத்தைந்து வருடம் ஊரார் பணத்தை எண்ணியவன், நம் சங்கக் கணக்கைத் தொலைத்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. தலைவரிடம்கூடச் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

ஒரு கடையில் விசாரித்தேன். “போனது போனதுதான் சார்” என்றார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் அழிப்பது, பேரேட்டின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. அதன்மேல் புதிதாக எழுதும்வரை உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். அதனால் லேப்டாப்பை உடனே அணைத்தேன். மறுபடி பென்டிரைவிலிருந்து ஓட்டி, ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவசக் கருவியைப் போட்டு, மீட்டதையெல்லாம் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினேன். இரவு முழுக்க ஓடியது. ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, எண்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் மூன்றாம் நாள் கணக்கு கிடைத்தது. கடைசி மூன்று வாரம் மட்டும் இல்லை. ரசீதுப் புத்தக அடிக்கட்டையைப் பார்த்து அதையும் எழுதினேன். புதிய லேப்டாப்களில் வரும் எஸ்எஸ்டியில் இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கிடையாது.

எழுதி முடித்துப் பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் 90 ரூபாய் வித்தியாசம். வங்கியில் எங்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லிக் கொடுத்தது: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். பார்த்தேன். 540 என்பதை 450 என்று எழுதியிருந்தேன். கணக்கு டேலி ஆனது.

லினக்ஸில் கோளாறு பார்ப்பதும் இதுதான். வித்தியாசமே வழி காட்டும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

லினக்ஸும் விண்டோஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருந்த நண்பருக்கு, மாற்றி மாற்றித் திறக்கும்போது மணி தப்பாகக் காட்டியது. எவ்வளவு தப்பு என்று கேட்டேன். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றார். கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதானே! லேப்டாப்பின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் சரியாகிவிடும். அதைச் சங்க அறையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு வீட்டில், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்றது. மூலையில் தேதியைப் பார்த்தேன், பல வருடம் பின்னால் இருந்தது. பரணில் கிடந்ததில் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாத் தளமும் திறந்தது.

மூன்றாவது, வைஃபை தெரியவே இல்லை. சில பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும். இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று முழித்தோம். செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ‘டெதரிங்’ போட்டால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ தானே தேடிக் கொடுக்கும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

எல்லாமே லினக்ஸில் முடியும் என்று சொல்ல மாட்டேன். கடையில் டேலி போடுகிறவர்கள் விண்டோஸை விட வேண்டாம். டைப்பிங், கணக்கு, படிப்பு, விண்ணப்பம் போடுவது, தமிழ்99 முறையில் தமிழில் எழுதுவது, இவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

இதுவரை மூன்று லேப்டாப் தயார் செய்தோம். ஒன்று நம் தெரு பிளஸ் ஒன் மாணவியிடம் இருக்கிறது. உங்கள் பரணில் இருப்பதை ஞாயிறு காலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளும் உடன் வரட்டும், கற்றுக்கொள்வார்கள். வரும்முன் உள்ளே இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் சி, டி இரண்டிலும் தேடிக் காப்பி எடுத்துவிடுங்கள். எடுத்த காப்பி இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சங்கக் கணக்கு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒரு பிரதி செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.