நடுவணரசுப் பணியும் நம் பிள்ளைகளும்

(இடையஞ்சாவடியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடுவணரசின் வேலைகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்துள்ளனர். மத்திய அரசு என்பாரும் ஒன்றிய அரசு என்பாரும் நம்மிடையே உண்டு. பழகிய நாவுக்கு நடுவணரசு என்றே வருகிறது. எப்பெயரால் அழைத்தாலும் விண்ணப்பத்தின் கடைசி நாள் மாறப்போவதில்லை.

நடுவணரசு என்றவுடன் தில்லியை நினைக்கிறோம். அது நம்மைச் சுற்றியே இருக்கிறது. வடகிழக்கே மரக்காணத்து உப்பளப் பரப்பில் நடுவணரசின் உப்புத் துறைக்கு உரிய நிலங்கள் உள்ளன. உப்பு நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 58ஆம் இனமாக நிற்பது. அத்துறையின் ஆணையர் அலுவலகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. தெற்கே கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. கிழக்கே காலாப்பட்டில் 1985இல் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகம். நம் வாசற்படியிலேயே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆரோவில் அறக்கட்டளை. பாத்தியில் உப்பு வாரும் கையும், அந்தத் தோட்டங்களில் மண் சுமக்கும் கையும் நம்முடையவை. ஆயினும் அக்கைகளின் பெயர் குத்தகைதாரர் கூலிக் கணக்கிலோ ஒப்பந்தக்காரர் ஏட்டிலோதான் இருக்கிறது. நடுவணரசின் நிலத்தில் உழைப்பது வேறு, நடுவணரசின் பணியாளராய் இருப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் கிடப்பது சில தாள்கள். அத்தாள்களைப் பற்றித்தான் இன்று மிகுதியும் பேசப் போகிறோம்.

அதற்கு முன் நம் முன்னோர் ஒருவரை நினைக்க வேண்டும். 1893ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. நாடெங்கும் படித்தோர் மகிழ்ந்தனர். அவ்வாண்டில்தான் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்த இரட்டைமலை சீனிவாசனார் அதனை எதிர்த்தார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வழியாக அந்நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தேர்வு இங்கே நடந்தால் ஏற்கெனவே கல்வியைத் தமதாக்கிக் கொண்ட சாதியினரே அதிகாரம் முழுவதையும் கைக்கொள்வர், ஊரில் நம்மை ஒடுக்குவோரே மேலே அதிகாரியாகவும் அமர்வர் என்பது அவர் அச்சம். நாட்டுப்பற்றில்லாத செயல் என்று இன்று சிலர் இதனைக் குறை கூறலாம். வட்டாட்சியரும் நிலக்கிழாரும் ஒரே வீட்டில் உண்ணும் ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வச்சத்தின் பொருள் விளங்கும். நாம் கருதத்தக்கது வேறொன்று. நம் இனத்தாரின் தொடக்ககாலப் பெருமுயற்சிகளுள் ஒன்று, அரசுப் பணிக்கான தேர்வைப் பற்றிய ஒரு விண்ணப்பமாகவே இருந்தது. கையெழுத்திடத் தெரிந்தோர் அருகியிருந்த காலத்தில் அத்தனை பேர் அதில் ஒப்பமிட்டனர்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கதவு திறந்தது. அரசப் பிரதிநிதியின் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் 1942இல் அமர்ந்தார். அவருடைய வற்புறுத்தலின் பயனாக 1943 ஆகஸ்டில் நடுவணரசுப் பணிகளில் நமக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. வயது வரம்பில் மூன்றாண்டுத் தளர்வும், தேர்வுக் கட்டணம் நான்கில் ஒரு பங்காகக் குறைப்பும் அப்போது வந்தவையே. 1946இல் அது பன்னிரண்டரை விழுக்காடாயிற்று. 1970 மார்ச்சில் 15 ஆயிற்று. அதே ஆணையில் பழங்குடியினர்க்கு ஏழரை விழுக்காடு கிடைத்தது. தமிழக அரசின் 18 விழுக்காட்டையும் நடுவணரசின் 15 விழுக்காட்டையும் நம் பிள்ளைகள் பலர் இன்றும் குழப்பிக் கொள்கின்றனர். இரண்டும் வெவ்வேறு பந்திகள்.

ஒதுக்கீடு வந்ததும் இடம் வந்துவிடவில்லை. 1950ஆம் ஆண்டின் ஆட்சிப் பணித் தேர்வில் வங்காளத்தைச் சேர்ந்த அச்சுதானந்த தாஸ், இறுதிப் பட்டியலில் முதலிடம் பெற்ற என். கிருஷ்ணனைவிட எழுத்துத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார். நேர்முகத் தேர்வில் 300க்குக் கிருஷ்ணன் பெற்றது 260. தாஸ் பெற்றது 110. நம் இனத்தின் முதல் ஆட்சிப் பணி அலுவலர் பட்டியலின் கடைக்கோடிக்குத் தள்ளப்பட்டார். தாளில் வென்றவர் முகத்தில் தோற்றார் என்று சொல்லலாமா? முகம் பார்த்தோர் தோற்றனர் என்பதே பொருத்தம்.

இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016 ஜனவரி முதல் நடுவணரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழில் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வே கிடையாது. நம்மில் மிகப் பலர் நாடும் பணிகள் இவையே. எழுத்துத் தேர்வு, தேவைப்படும் பணிகளுக்கு உடல் தகுதி அல்லது தட்டச்சுத் தேர்வு, பின்னர்ச் சான்றிதழ் சரிபார்ப்பு, அவ்வளவே. ‘தில்லியில் யாரையாவது தெரிந்தால்தான் கிடைக்கும்’ என்று திண்ணையில் அமர்ந்து சொல்வோர் பேச்சை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அப்பேச்சுக்கு இனி இடமில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பு என்றோம். தேர்வில் வென்ற பின் நம் பிள்ளைகள் இடறி விழுவது இவ்விடத்தில்தான். ஆதலால் இதனைச் சற்று விரித்துரைக்கப் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது பெயர். வடநாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘மு. செல்வி’ என்றிருக்கும். ஆதாரில் ‘செல்வி முனுசாமி’ என்றிருக்கும். சாதிச் சான்றில் ‘செல்வி’ மட்டும் இருக்கும். நமக்கு மூவரும் ஒருவரே. சரிபார்க்கும் எழுத்தருக்கு மூவர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எழுத வேண்டும். மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்திக் கொள்ள வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்த பின்னர்த் திருத்தப் புகுவது, அடைமழைக் காலத்தில் பாத்தி கட்டுவது போன்றது. பிறந்த நாளும் அவ்வாறே. பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் தாமாகக் குறித்த நாளே பலர்க்குச் சட்டப்படியான பிறந்த நாளாக நிலைத்துவிட்டது. அதனோடு ஒத்துப் போவதன்றி வேறு வழியில்லை.

இரண்டாவது சாதிச் சான்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் எப்பெயர் உள்ளதோ அப்பெயரே சான்றில் இருக்க வேண்டும். நடுவணரசு தனக்கென ஒரு படிவம் வைத்துள்ளது. அப்படிவத்தில் கேட்டுப் பெறுவது நலம். மணமான நம் மகளிர் கணவர் பெயரால் சான்று பெற்று வருகின்றனர். சாதி பிறப்பால் கணக்கிடப்படுவது. ஆதலால் தந்தையார் பெயரால் பெற்ற சான்றே செல்லும். இச்சிறு செய்தி தெரியாமல் வேலையை இழந்தோரை நாம் அறிவோம்.

மூன்றாவது, சொல்வதற்குக் கடினமானது. நம் சேரிகளில் தேவாலயம் செல்லும் குடும்பங்கள் பல. அந்த 1950 ஆணை தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர் குடிசைக்குத் தனிப் பாதையா போட்டார்கள்? கல்லறையிலும் சுவர் எழுப்பிய நாட்டில் மதம் மாறினால் சாதி போயிற்று என்பது சட்டத்தின் கற்பனை. இது அநீதி என்பதே நம் கருத்து. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. ஆனால் அநீதியான சட்டமும் சட்டமாக உள்ளவரை நம்மைக் கட்டும். 2024 நவம்பரில், கிறித்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு எழுத்தர் பணிக்காக இந்து வள்ளுவன் எனச் சான்று கோரிய ஒருவரின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; வழக்கு எழுந்தது தொலைவில் அன்று, நம் அண்டையிலுள்ள புதுவையில். 2017 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு: செல்லாத சாதிச் சான்றால் பெற்ற வேலை, எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும் நிலைக்காது. முப்பது வயதில் கிடைத்த வேலை ஐம்பது வயதில் பறிபோனால் அக்குடும்பம் எங்கே நிற்கும்? கிறித்தவராய் வாழும் நம் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர்; நடுவணரசின் 27 விழுக்காட்டில் உரிய சான்றோடு போட்டியிடலாம். எதனை எழுதுவது என்பது அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. எழுதுவதன் விளைவை அறிந்து எழுதட்டும் என்பதே நாம் சொல்வது.

எல்லைப் புறத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. புதுவையும் நமக்கு ஊர்தான், அங்கே நம் உறவினர் இருக்கின்றனர். ஆயினும் ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் மற்றொரு மாநிலத்தின் பணிகளில் அவ்வொதுக்கீட்டைக் கோர இயலாது என்று 2018இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விழுப்புரம் மாவட்டச் சான்றோடு புதுவை அரசின் பணிக்கு நம் ஒதுக்கீட்டில் செல்ல முடியாது. அதே புதுவை மண்ணில் நிற்கும் ஜிப்மருக்கும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் அத்தடை இல்லை, அவை நடுவணரசைச் சார்ந்தவை. சாலையின் இருபுறத்தில் இரு சட்டம்.

என்னென்ன தேர்வுகள் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். விவரம் அறிவிக்கையில் கிடைக்கும். பத்தாம் வகுப்பு முடித்தோர்க்குப் பணியாளர் தேர்வாணையத்தின் பல்பணியாளர் தேர்வும் காவலர் தேர்வும், பன்னிரண்டுக்கும் பட்டத்துக்கும் அவ்வாணையத்தின் வேறு தேர்வுகளும் உண்டு. ரயில்வே வாரியத் தேர்வுகளைத் தமிழில் எழுதலாம். பல்பணியாளர் தேர்வு 2023 முதலும், ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதலும் தமிழில் நடைபெறுகின்றன. இது பெரிய மாற்றம். அஞ்சல் துறையின் கிராம டாக் சேவக் பணிக்குத் தேர்வே இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் போதும். ஆனால் அது முழுநேர அரசுப் பணி அன்று என்பதை அறிந்து சேர வேண்டும். நமக்கு வயதில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. பணியாளர் தேர்வாணையத்திலும் ஒன்றியப் பொதுப் பணித் தேர்வாணையத்திலும் கட்டணம் இல்லை. ரயில்வே தேர்வுக்குச் செல்ல இலவசப் பயணச் சீட்டும் தருகின்றனர். அதனைக் கேட்டு வாங்குவோர் மிகக் குறைவு.

‘சாதிக் கட்டத்தில் குறியிட்டால் 15 விழுக்காட்டுக்குள் அடைத்து விடுவார்களே’ என்று நம் பட்டதாரி இளைஞர் சிலர் தயங்குகின்றனர். சிலர் பொதுப்பிரிவு என்றே எழுதியும் விடுகின்றனர். 1998 ஜூலை ஆணை இதனைத் தெளிவாக்கியுள்ளது. வயது, தகுதி, முயற்சி எண்ணிக்கை ஆகியவற்றில் எத்தளர்வும் பெறாமல் பொதுப்பிரிவு மதிப்பெண்ணை எட்டியவர் பொது இடத்திலேயே கணக்கிடப்படுவார். நம் இடம் இன்னொரு பிள்ளைக்கு எஞ்சும். மறைப்பதால் வருவது இழப்பே.

பணியில் சேர்ந்த பின் என்ன? இடையஞ்சாவடிப் பிள்ளைக்கு முதல் நியமனம் போபாலிலோ கவுகாத்தியிலோ கிடைக்கும். இந்தி தெரியாது. வாடகைக்கு வீடு கேட்டால் குடும்பப் பெயரைக் கேட்டு அதன் வழியே சாதியைத் துழாவுவர். முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியோர் உண்டு. பெற்றோர் ‘வந்துவிடு’ என்று தொலைபேசியில் அழாதிருந்தால் அவர்களுள் பாதிப்பேர் நிலைத்திருப்பர் என்பது நம் கணிப்பு.

நிலைத்தவர் ஒன்றைக் கற்க வேண்டும்: சுழற்சிப் பதிவேடு. ரோஸ்டர் என்பார்கள். சபர்வால் வழக்கின் தீர்ப்புக்குப் பின் 1997 ஜூலை முதல் ஒவ்வொரு பணித்தொகுதிக்கும் பதவி எண்ணிக்கைப்படி இப்பதிவேடு எழுதப்படுகிறது. அகில இந்தியத் திறந்த போட்டிக்கான சுழற்சியில் 7ஆம் இடம் நமது முதலிடம். பதவி உயர்விலும் ஒதுக்கீடு 1995இன் 77ஆம் திருத்தத்தால் காக்கப்பட்டது. அதன் மேல் வழக்குகள் ஓயவில்லை. பதிவேட்டில் பிழை இருந்தால் நம்மவர் ஒருவரின் உயர்வு பல்லாண்டு தள்ளிப்போகும். ஒவ்வொரு துறையிலும் இதற்கெனத் தொடர்பு அலுவலர் ஒருவர் உண்டு. அதற்கும் மேல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் உண்டு. முறையீட்டை நாளும் எண்ணும் குறித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். தேநீர்க் கடையில் பொருமுவது கோப்பில் ஏறாது.

இறுதியாக, நடுவணரசின் ஆண்டறிக்கைகளில் நம் எண்ணிக்கையைக் காட்டும்போது துப்புரவுப் பணியாளரைத் தனிக் கட்டத்தில் காட்டி வந்தனர். அக்கட்டத்தில் நாம் நிறைந்திருந்தோம், மேல் கட்டங்களில் தேய்ந்திருந்தோம். இன்று அத்துடைப்ப வேலையும் ஒப்பந்தக்காரரிடம் போயிற்று. 45 நாள் நீடிக்கும் தற்காலிக நியமனத்துக்கும் ஒதுக்கீடு உண்டு என்பது விதி. ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆளுக்கு அவ்விதி எட்டாது. நிலையான இடங்கள் சுருங்கும் வேகத்தைப் பார்த்தால், இன்று பன்னிரண்டாம் வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு இருக்கும் வாய்ப்பு அவர் தம்பி தங்கையர்க்கு இருக்கும் என்று நம்மால் உறுதி கூற இயலவில்லை. ஆதலின் இவ்வாண்டு அறிவிக்கைகளை இவ்வாண்டே பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றையும் சாதிச் சான்றையும் கையோடு கொண்டு வந்திருப்போர், கூட்டம் முடிந்ததும் பின்புறத்து மேசைக்கு வரலாம். பெயரும் தலைப்பெழுத்தும் மாறுபட்டவற்றை முதலில் பார்ப்போம்.