தண்ணீருக்குள் எட்டாத சிக்னல்

நண்பர் ஒருவர் ஓட, நீந்த, சைக்கிள் மிதிக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஜி.பி.எஸ் வாட்ச் வாங்கினார். நீச்சல்குளத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு, காலை மட்டும் உதைத்து இருபது சுற்று போனார். கரையேறிப் பார்த்தால் தூரம் பூஜ்யம்! "ஏமாத்திட்டாங்க சார்" என்று கடைக்கே கிளம்பிவிட்டார்.

வாட்ச் மேல் தப்பில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ் சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது. குளத்தில் வாட்ச் கைவீச்சையும் நாம் திரும்புவதையும் வைத்துத்தான் கணக்குப் போடும். குளம் 25 மீட்டரா, 50 மீட்டரா என்று நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கை அசையாவிட்டால், நாம் சும்மா மிதக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

கடலில் நீந்துகிறவர்கள், 'ஓப்பன் வாட்டர்' வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கை மேலே வரும்போதெல்லாம் அது சிக்னலைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் பேட்டரி. 'பத்து நாள் தாங்கும்' என்பது வெறுமனே மணி பார்ப்பதற்கு. முழு அயர்ன்மேன் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். பலருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே, ஜி.பி.எஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

நண்பர் வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பலகையைத்தான் விட்டுவிட்டார்.