வினையும் காலமும்

ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மிற் பலர் வினைச்சொல்லின் காலத்தில் இடறுகிறோம். சொல்வளம் குறைந்ததனால் அன்று. தமிழ் வினையின் கணக்கை ஆங்கிலத்திலும் போட்டுப் பார்ப்பதனால்.

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே பணிபுரியும் ஒருவருக்குச் சான்றிதழ் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'இவர் இங்கு ஐந்து ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்' என்றால் தமிழில் போதும். அவர் இன்றும் பணியில் இருந்தாலும் பொருந்தும். சென்ற ஆண்டே விலகியிருந்தாலும் பொருந்தும். ஆங்கிலமோ அவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும். 'வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால் ஆள் விலகிவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்றால் இன்னும் இருக்கிறார். 'ஈஸ் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று நாம் எழுதுவது, 'ஐந்தாண்டுகளாக வேலை செய்கிறார்' என்பதன் நிழல். ஆங்கில இலக்கணம் அதை ஏற்பதில்லை. பணிக்காலத்தை எண்ணிப் பணம் கொடுக்கும் இடத்தில் இது சிறு வேறுபாடு அன்று. ஆகவே மொழிபெயர்ப்பாளராகிய நாம் தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுக்கவேண்டும்.

'நேற்று உங்கள் கடிதம் வந்திருக்கிறது' என்பதும் இவ்வகையே. தமிழில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'ஹேவ் ரிசீவ்ட்' என்று எழுதியபின் 'எஸ்டர்டே' என்ற சொல் அருகில் நிற்கலாகாது. நாளைக் குறிப்பிட்டுவிட்டால் 'ரிசீவ்ட்' என்பதே முறை.

நம் மொழியில் காலம் கட்டற்றது என்று இதனால் எண்ணவேண்டா. இன்னும் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான் அல்லவா? விரைவு முதலிய காரணங்களால் காலம் இவ்வாறு மயங்குவதை நன்னூல் விதி வகுத்தே ஒப்புக்கொள்கிறது. அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், கோலாரைப் பழம்பதியாகக் கொண்ட கங்கர் குலத்தவன். பொம்மனஹள்ளிக்கு அது தொலைவன்று! ஆயினும் அவ்விதி தமிழுக்கு உரியது.

இனி 'ஹேட்'. 'போன வாரம் மைசூருக்குப் போயிருந்தோம்' என்பதை 'வீ ஹேட் கான்' என்று பெயர்க்கிறோம். கேட்கும் ஆங்கிலேயர், அதற்குப் பின் நிகழ்ந்த மற்றொரு செய்தியை எதிர்பார்த்துக் காத்திருப்பார். 'நாங்கள் திரும்புமுன் மழை தொடங்கிவிட்டது' என்பது போல இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, முந்தியதைச் சுட்டவேண்டிய இடத்தில்தான் அச்சொல்லுக்கு வேலை. மைசூருக்குப் போனது மட்டுமே செய்தியானால், 'வீ வென்ட்' என்று எழுதலாம்.