தவணையும் தூரிகையும்



"கடன் வாங்கி எம்.எப்.ஏ. ஓவியம் படிச்சா கட்டுப்படியாகுமாண்ணே?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். கணக்குப் போடுவோம். 4 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 5,300 ரூபாய். படம் வித்தாலும் விக்காட்டாலும் தவணைத் தேதி வந்துடும். என்னோடு படித்த, நல்ல கை உள்ள ஒருவர் தவணைக்காகவே தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பாத்திக் துணி விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள்; ஓவியத்தையும் விடவில்லை.

ஆகவே, படம் விற்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். கைத்தொழிலில் மாதாமாதம் வரும் வருமானத்துக்குள் தவணை அடங்கினால் வாங்குங்கள். அடங்காவிட்டால் கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியைத் தேடுங்கள்.